வாங்கியது 214, விளையாடியது 31: மிச்சத்தை எதற்காக வாங்கினேன்?

நூறாம்_இலக்கம் · வெள்ளவத்தை · வெள்ளி, இரவு 11.48

கணினி கேம்களை இணையத்தில் விற்கும் கடையான ஸ்டீமில் நான் வாங்கிச் சேர்த்த நூலகத்தை நேற்று இரவு விளையாடிய நேரப்படி அடுக்கிப் பார்த்தேன். மொத்தம் 214 கேம்கள். இரண்டு மணி நேரத்தைத் தாண்டியவை 31. ஒரு தடவைகூடத் திறக்காதவை 126. மிச்சமெல்லாம் திறந்து, முகப்பு இசையைக் கேட்டு, சத்தத்தைக் குறைத்துவிட்டு மூடியவை.

ஸ்டீமின் கோடைகால மலிவு விற்பனை தொடங்கிய முதல் இரவே ஏழு வாங்கினேன். மறுநாள் காலை 100ஆம் இலக்க பஸ்ஸில் புறக்கோட்டைக்குப் போகும்போது ஏழின் பெயர்களையும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். மூன்றுக்கு மேல் நினைவுக்கு வரவில்லை. பஸ் கொள்ளுப்பிட்டியைத் தாண்டியும் வரவில்லை.

2006இல் உயர்தரம் படித்தபோது பம்பலப்பிட்டிப் பக்கம் ஒரு கடையில் 150 ரூபாய்க்குக் கேம் டிவிடி வாங்குவோம். களவுப் பிரதிதான், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. டியூஷனுக்கு நடந்து போய் மிச்சம் பிடித்த பஸ் காசு. வருடத்துக்கு மூன்று டிவிடி. ஐ.ஜி.ஐ. என்ற கேமில் எந்தக் காவலாளி எந்த மூலையில் நிற்பான் என்று இன்றைக்கும் சொல்வேன். மோஸ்ட் வான்டட் ஓட்டப்பந்தயத்தின் குறுக்குவழிகள் காலி வீதியின் குறுக்கு ஒழுங்கைகளைவிட நன்றாகத் தெரியும். இப்போது சம்பளம் இருக்கிறது, அட்டை இருக்கிறது, நல்ல கணினியும் இருக்கிறது.

தயவுசெய்து "நேரம் இல்லை" என்று பதில் எழுத வேண்டாம். நேரமின்மை விளையாடாததற்குக் காரணமாகலாம். வாங்கியதற்கு எப்படிக் காரணமாகும்? நேரம் இல்லாதவன் வாங்காமல் அல்லவா இருக்க வேண்டும்?

---

கணக்கப்பிள்ளை · தெஹிவளை · சனி, காலை 7.15

தம்பி, இது நோய் இல்லை, பயப்படாதீர்கள். 2014இல் ஆர்ஸ் டெக்னிக்கா என்ற இணைய இதழ், பொதுவில் தெரியும் ஸ்டீம் கணக்குகளை மாதிரியாக எடுத்து ஒரு மதிப்பீடு செய்தது. பதிவாகியிருந்த கேம்களில் ஏறத்தாழ 37 சதவீதம் ஒரு முறைகூடத் திறக்கப்படவில்லை என்று கண்டது. நீங்கள் அந்த அளவைக் கொஞ்சம் தாண்டிவிட்டீர்கள், அவ்வளவுதான்.

காரணத்தை ரிச்சர்ட் தேலர் 1985லேயே எழுதிவிட்டார். பின்னர் 2017இல் நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர். ஒரு பொருளை வாங்கும்போது நமக்கு இரண்டு வகைப் பயன் கிடைக்கிறது என்பார். பொருளால் வரும் பயன் ஒன்று. அதை இன்ன விலைக்கு மடக்கிவிட்டோம் என்ற பேரத்தால் வரும் இன்பம் மற்றது. 60 டொலர் கேமை 12 டொலருக்கு வாங்கினால் இந்த இரண்டாவது இன்பம் வாங்கிய நொடியிலேயே முழுசாகக் கைக்கு வந்துவிடுகிறது. பொருளைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. உங்களுக்கு உண்மையில் பிடித்த கேம் அந்த மலிவு விற்பனைதான். அதை நீங்கள் ஒவ்வொரு வருடமும் இறுதிக் கட்டம் வரை விளையாடுகிறீர்கள்.

---

வெட்டுக்கோடு · புறக்கோட்டை · சனி, காலை 9.02

எங்கள் வீட்டுத் தொழில் துணிக்கடை. தீபாவளிக்கு முதல் மாதம் என் அப்பா விலைச்சீட்டு எழுதுவதைப் பார்க்க வேண்டும். முதலில் பெரிய எண், அதன் மேல் சிவப்பில் ஒரு வெட்டு, கீழே சிறிய எண். ஒரு சேலைக்கு வந்தவர் நாலு சேலையோடு போவார். அவர் பார்த்தது சேலையை அல்ல, அந்தச் சிவப்புக் கோட்டை.

ஆனால் ஒன்று. உடுக்காத சேலையை மச்சாளுக்குக் கொடுக்கலாம், தைப்பொங்கலுக்குச் சொந்தக்காரர் யாருக்காவது வைத்துக் கொடுக்கலாம். திறக்காத கேமை என்ன செய்வது? கணக்கில் சேர்ந்துவிட்டால் இன்னொருவருக்கு மாற்ற முடியாது. இதுதான் எனக்கு எரிச்சல்.

---

பழைய_டிவிடி · மருதானை · சனி, காலை 10.30

கணக்கப்பிள்ளை அண்ணா சொல்வது பழைய ஸ்டீமுக்குச் சரியாகப் பொருந்தும். அப்போது சில மணி நேரமே நிற்கும் மின்னல் விலைக்கழிவுகள் இருந்தன. அலாரம் வைத்து எழும்பி வாங்கியவன் நான். 2015 இறுதியோடு அந்த முறை போய்விட்டது. இப்போது முதல் நாள் என்ன விலையோ அதேதான் கடைசி நாளும். அவசரமே இல்லை. போதாததற்கு 2015 ஜூனிலிருந்து பணத்தைத் திருப்பிக் கேட்கவும் வழி இருக்கிறது: வாங்கி 14 நாளுக்குள், விளையாடியது இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் போதும்.

கணக்கும் நமக்கு எதிராகத்தான் நிற்கிறது. தனியாள் விளையாடும் கேம் பெரும்பாலும் காலப்போக்கில் விலை குறையும். இன்று 30 டொலர், இரண்டு வருடத்தில் 15, நாலு வருடத்தில் 6. நாலு வருடம் கழித்துத்தான் திறக்கப் போகிறோம் என்றால் அன்றைக்கே வாங்கலாமே! விலை ஏறும் சாமானைப் பதுக்குபவனைப் பார்த்திருக்கிறேன். விலை இறங்கும் சாமானைப் பதுக்குவது நாங்கள் மட்டும்தான்.

---

மழைக்கால_வாசகி · கொட்டாஞ்சேனை · சனி, பிற்பகல் 2.20

"பதுக்குவது" என்ற சொல் என்னைப் பிடித்துவிட்டது.

எங்கள் அம்மாவின் கட்டிலுக்குக் கீழே எப்போதும் ஒரு மூட்டை அரிசி இருக்கும். பக்கத்தில் பருப்பு, சீனி, மெழுகுதிரி, ஒரு கலன் மண்ணெண்ணெய். 83 ஜூலையில் வீட்டுக்குள் அடைந்து கிடந்த நாட்களில் தொடங்கிய பழக்கம் என்று அவர் சொல்லித்தான் தெரியும், நான் அப்போது பிறக்கவில்லை. சிறுவயதில் அதைப் பார்த்துச் சிரிப்பேன். சந்தியில் கடை இருக்கிறதே அம்மா, நாளைக்கு வாங்கலாமே என்பேன். "கடை இருக்கும், சாமான் இருக்குமா?" என்பார்.

2022இல் சிரிப்பு நின்றுவிட்டது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய்ச் சொச்சமாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 வரை போனது. பால்மாவுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை. மார்ச் இறுதியில் ஒரு நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. அந்த இருட்டில், கைபேசி இணைப்பை மடிக்கணினிக்குக் கொடுத்து, பேட்டரி சாகும் முன் நான் என்ன செய்தேன் தெரியுமா? ஐந்து கேம் வாங்கினேன். விளையாட மின்சாரம் இல்லை. ஆனால் நாளைக்கு டொலர் 500 ஆகிவிட்டால்? வங்கி வெளிநாட்டுக் கொடுப்பனவுகளை முழுதாக நிறுத்திவிட்டால்? அம்மா மண்ணெண்ணெய்க்கு அலைந்துகொண்டிருந்தார், நான் டொலர் விலையுள்ள ஏதோ ஒன்றைக் கைக்குள் போட்டுக்கொண்டேன்.

டொலர் பிறகு 300 சுற்றில் வந்து நின்றது, மின்வெட்டும் போனது. என் கை மட்டும் மாறவில்லை. ஒவ்வொரு மலிவு விற்பனையிலும் அது கட்டிலுக்குக் கீழே ஒரு மூட்டையைத் தள்ளுகிறது. இணையத்தில் விற்கும் கேம் தீர்ந்துபோகாது என்று எனக்குத் தெரியும். கைக்கு யார் சொல்வது?

---

கணக்கப்பிள்ளை · தெஹிவளை · சனி, பிற்பகல் 3.05

அருமையாக எழுதியிருக்கிறீர்கள் தங்கச்சி. ஆனாலும் ஒரு தடை. டொரண்டோவிலும் பெர்லினிலும் பால்மாவுக்கு வரிசையில் நின்றிராதவர்களிடமும் இதே குவியல் இருக்கிறது. அங்கேயும் இங்கேயும் ஒரே விளைவு என்றால் காரணத்தை 2022இல் தேட முடியாது.

ஜப்பானியர்கள் வாங்கி வாசிக்காமல் அடுக்கிவைக்கும் புத்தகக் குவியலுக்கு ட்சுன்டோகு என்று ஒரு சொல்லே வைத்திருக்கிறார்கள். மெய்ஜி காலத்துச் சொல். அப்போது ஸ்டீம் இல்லை.

---

மழைக்கால_வாசகி · கொட்டாஞ்சேனை · சனி, பிற்பகல் 3.31

பெர்லின்காரர் ஏன் வாங்குகிறார் என்று பெர்லின்காரர் எழுதட்டும் அண்ணா. எல்லோருக்கும் காய்ச்சல் வரலாம், நுளம்பு வேறு வேறாக இருக்கலாம்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். அம்மாவின் அரிசி அம்மாவுடையது. என் கேம் அப்படியில்லை. யூபிசாஃப்ட் நிறுவனம் 2014இல் வெளியிட்ட 'த க்ரூ' என்ற கார் கேமின் சேவையகங்கள் 2024 மார்ச் இறுதியோடு நிறுத்தப்பட்டன. அதை வாங்கி ஒரு நாள்கூடத் திறக்காதவருக்கு இனித் திறக்கவே முடியாது. கலிபோர்னியாவில் 2025இல் நடைமுறைக்கு வந்த ஒரு சட்டத்தின்படி, வாங்குபவருக்குக் கிடைப்பது உரிமம் மட்டுமே என்பதை எண்ணிமக் கடைகள் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஸ்டீம் தன் வாங்கும் பக்கத்தில் அதை முந்திய வருடமே போட்டுவிட்டது. அதை வாசித்துவிட்டுத்தான் அன்றைக்கும் இரண்டு வாங்கினேன்.

---

வியாழன்_விரதம் · பம்பலப்பிட்டி · சனி, மாலை 5.44

காசு கொடுத்து வாங்கியவர்கள் குறைந்தபட்சம் பேரத்தைச் சொல்லலாம். நான் இலவசத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஸ்டீமைப் போல இணையத்தில் கேம் விற்கும் எபிக் கடை 2018 டிசம்பரில் தொடங்கியது முதல் இலவசமாகக் கேம் கொடுத்து வருகிறது. இப்போதெல்லாம் நம்முடைய நேரப்படி வியாழன் இரவு 8.30. கோயிலுக்குப் போகத் தவறினாலும் இதற்குத் தவறமாட்டேன்.

2020 மே மாதம் ஜி.டி.ஏ. 5 என்ற கேமை இலவசமாகக் கொடுத்தார்கள். கொழும்பு அப்போது ஊரடங்கில். மார்ச் 20இலிருந்து வீட்டுக்குள். கூட்டம் தாங்காமல் அவர்களுடைய தளம் மணிக்கணக்கில் விழுந்து கிடந்தது. நான் விடவில்லை. பக்கத்தைத் திரும்பத் திரும்பத் தட்டி நடுச்சாமத்தில் பெற்றுக்கொண்டேன். வெளியே ஒரு நாய்கூடக் குரைக்காத இரவு, எனக்கு உலகத்தையே வென்ற சந்தோஷம்.

இன்று வரை அதைப் பதிவிறக்கவில்லை. 90 ஜிகாபைட்டுக்கு மேல். வாங்க 20 விநாடி, இறக்க எங்கள் வீட்டு இணைப்பில் மூன்று இரவு. நள்ளிரவுக்குப் பிறகு கிடைக்கும் மேலதிக டேட்டாவுக்காகக் காத்திருந்து, காலையில் எழும்பினால் 31 சதவீதம். மூன்றாவது நாள் இறங்கி முடியும்போது அந்த ஆசை எங்கே போனதோ தெரியாது. ஆசைக்கும் கேமுக்கும் நடுவில் ஒரு கடவுச்சீட்டு அலுவலகமே உட்கார்ந்திருக்கிறது.

---

வெட்டுக்கோடு · புறக்கோட்டை · சனி, மாலை 6.10

வியாழன் விரதத்துக்கு என் வாக்கு. பெயரே போதும்.

---

பிழை_திருத்துநர் · இராஜகிரிய · சனி, இரவு 7.52

கடையின் மறுபக்கத்திலிருந்து வருகிறேன். சிறிய கேம் குழு ஒன்றில் நிரலாளராக வேலை.

நீங்கள் திறக்காத கேமிலும் எங்களுக்குக் காசு வருகிறது. ஸ்டீமின் வழக்கமான பங்கு 30 சதவீதம், மிச்சத்திலிருந்துதான் வரிகளும் எங்கள் சம்பளமும். மலிவு விற்பனை நடக்கும் இரண்டு வாரம் எங்களுக்கு அறுவடை. ஆகவே நன்றி, தொடர்ந்து பதுக்குங்கள்.

ஆனால் சந்தையின் அளவைப் பாருங்கள். 2024இல் மட்டும் ஸ்டீமில் 18,000க்கும் மேற்பட்ட புதிய கேம்கள் வந்தன. அதே வருடத்துக்கு ஸ்டீம் வெளியிட்ட தொகுப்பின்படி, ஒரு பயனர் வருடம் முழுக்க விளையாடிய கேம்களின் நடுமதிப்பு 4. நாலே நாலு. மொத்த விளையாட்டு நேரத்தில் அவ்வருடப் புதிய கேம்களுக்குக் கிடைத்தது 15 சதவீதம். மிச்ச நேரமெல்லாம் பழைய கேம்களுக்கே போனது. நாங்கள் உங்கள் நேரத்துக்குப் போட்டியிடவில்லை, அந்தப் போட்டி எப்போதோ தோற்றுவிட்டது. உங்கள் அலுமாரியில் ஓர் இடத்துக்குப் போட்டியிடுகிறோம்.

தனிப்பட்ட ஆதங்கம் ஒன்று. எங்கள் முதல் கேமில், தொடங்கிய மூன்றாவது நிமிடத்தில் ஒரு கதவு திறக்காது. பெரிய பிழை. வெளியிட்டு ஐந்து நாளாக யாரும் சொல்லவில்லை. அத்தனை பேர் வாங்கியிருந்தார்கள். ஆறாவது நாள் பிரேசிலில் இருந்து ஒருவர் திட்டி எழுதினார். அலுவலகத்தில் கேக் வெட்டினோம்.

---

சும்மா_ஒருவன் · பொரளை · சனி, இரவு 8.40

மன்னிக்க வேண்டும், எல்லோருக்கும் கையில் காசு கூடிவிட்டது. அதுதான் காரணம், இதற்கு நோபல் பரிசுக்காரர் தேவையில்லை. மாதக் கடைசியில் பஸ் காசு எண்ணுகிறவனிடம் 126 திறக்காத கேம் இருக்காது.

---

நூறாம்_இலக்கம் · வெள்ளவத்தை · சனி, இரவு 9.15

சும்மா ஒருவன் அண்ணா, பாதி சரி. பஸ் காசு எண்ணிய காலத்தில் என்னிடம் திறக்காதது ஒன்றும் இருக்கவில்லை என்று நானே எழுதியிருக்கிறேன். ஆனால் காசு கூடியதும் நான் சப்பாத்தை அப்படி வாங்கவில்லையே. ஒரு சப்பாத்து தேய்ந்து வாய்பிளந்த பிறகுதான் அடுத்தது. கேமில் மட்டும் ஏன்?

---

தெமட்டகொடை_இரவு · தெமட்டகொடை · ஞாயிறு, அதிகாலை 1.27

இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருந்தேன். எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

பாடசாலையில் நாங்கள் நாலு பேர். லெஃப்ட் 4 டெட் 2 நால்வர் சேர்ந்து விளையாடும் கேம், எங்களுக்கென்றே செய்தது போல. மருதானையில் ஓர் இணைய நிலையத்தில் மணிக்கு 60 ரூபாய் கொடுத்துத் தொடங்கினோம். பிறகு ஆளுக்கொரு கணினி, ஆளுக்கொரு பிரதி, வெள்ளி இரவு தவறாமல். ஒருவன் எப்போதும் தனியாக முன்னால் ஓடிச் செத்துப்போவான். மற்ற மூவரும் அவனைத் திட்டிக்கொண்டே போய்த் தூக்குவோம். பதினொரு வருடம்.

2022 ஆகஸ்டில் முன்னால் ஓடுகிறவன் டோஹாவுக்குப் போனான். அடுத்த ஜனவரியில் ஒருவன் மெல்பேர்னுக்கு, அந்த வருட இறுதியில் மற்றவன் டொரண்டோவுக்கு. அம்மாவைப் பார்க்க ஆள் வேண்டும், நான் இருக்கிறேன்.

இங்கே இரவு 10 மணி என்றால் டொரண்டோவில் பகல் 12.30, வேலை. மெல்பேர்னில் அதிகாலை 2.30, தூக்கம். டோஹாவில் மாலை 7.30, அவன் அப்போதுதான் வேலைத்தளத்திலிருந்து முகாமுக்கு வருவான். மூன்று வருடமாக நால்வரும் ஒரே நேரத்தில் அமர்ந்ததில்லை.

ஆனால் கேம் வாங்குவதை நிறுத்தவில்லை. மலிவு விற்பனை தொடங்கினால் குழுவில் யாராவது ஓர் இணைப்பைப் போடுவான். நால்வர் சேர்ந்து விளையாடுவது, 75 சதவீதக் கழிவு. கீழே ஒருவன் "வாங்கியாயிற்று" என்பான். பிறகு மற்றவன் "வாங்கியாயிற்று." நான் காலையில் எழும்பிப் பார்த்து "வாங்கியாயிற்று." மாதக்கணக்கில் பேச்சே இல்லாத குழுவில் அன்றைக்கு நாலு செய்தி. இப்படி 23 கேம். ஒன்றைக்கூட நாங்கள் திறக்கவில்லை.

அண்ணா சொன்ன பேரத்தின் இன்பம், அக்கா சொன்ன அரிசி மூட்டை, இரண்டும் எனக்குப் பொருந்தவில்லை. விலை குறைந்ததா என்றுகூட நான் பார்ப்பதில்லை. மூன்று பேர் வாங்கிவிட்டார்கள், நான் வாங்காவிட்டால் என்ன நினைப்பார்கள் என்பதே என் கணக்கு.

---

நூறாம்_இலக்கம் · வெள்ளவத்தை · ஞாயிறு, காலை 8.36

இதை வாசித்துவிட்டு என் 126ஐ மறுபடி திறந்து பார்த்தேன். திறந்து என்றால், பட்டியலை. 19 கேம் ஒரே ஓர் ஆளுக்காக வாங்கியவை. அவர் இப்போது இலண்டனில். என் ஸ்டீம் நண்பர் பட்டியலில் அவர் பெயருக்குப் பக்கத்தில் "கடைசியாக வந்தது 412 நாட்களுக்கு முன்" என்று இருக்கிறது.

---

கணக்கப்பிள்ளை · தெஹிவளை · ஞாயிறு, காலை 9.10

தெமட்டகொடைத் தம்பிக்கு. தேலரைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு, காகிதத்தில் உங்கள் நாலு ஊர் நேரத்தையும் போட்டுப் பார்த்தேன். ஒரு பொருத்தம் இருக்கிறது. சனிக்கிழமை மாலை 4.30 கொழும்பு. டோஹாவில் பகல் 2. மெல்பேர்னில் இரவு 9. டொரண்டோவில் காலை 7. டொரண்டோக்காரர் கொஞ்சம் வெள்ளென எழும்ப வேண்டும், மற்ற யாருக்கும் கஷ்டமில்லை. நவம்பரில் அங்கே மணிக்கூட்டை மாற்றுவார்கள், அப்போது காலை 6 ஆகிவிடும். அதற்கு முன் செய்யுங்கள்.

23இல் எது சிறியது? 90 ஜிகாபைட் சமாசாரம் வேண்டாம்.

---

தெமட்டகொடை_இரவு · தெமட்டகொடை · ஞாயிறு, காலை 9.48

இவ்வளவு காலமும் இரவுகளைத்தான் பார்த்தோம் அண்ணா. மாலையை யோசிக்கவே இல்லை. குழுவில் போட்டுவிட்டேன்.

---

மழைக்கால_வாசகி · கொட்டாஞ்சேனை · ஞாயிறு, முற்பகல் 11.20

என்ன சொன்னார்கள்?

---

தெமட்டகொடை_இரவு · தெமட்டகொடை · ஞாயிறு, இரவு 10.05

மெல்பேர்ன் சரி என்றான். டோஹாவில் வெள்ளிதான் விடுமுறை, சனிக்கு முறை மாற்றிக் கேட்கிறேன் என்றான். டொரண்டோ இப்போதுதான் எழும்பியிருப்பான் போல. சனி 4.30 பற்றி ஒன்றும் எழுதவில்லை. ஓர் இணைப்பை அனுப்பியிருக்கிறான். நால்வர் சேர்ந்து விளையாடுவது, 80 சதவீதக் கழிவு, மலிவு விற்பனை முடிய மூன்று நாள் இருக்கிறதாம்.

கீழே மெல்பேர்ன் "வாங்கியாயிற்று." டோஹா "வாங்கியாயிற்று."

அளவைப் பார்த்தேன், 6 ஜிகாபைட்தான். வாங்கிவிட்டேன். இறங்கிக்கொண்டிருக்கிறது.